பதினாலாம் வீட்டின் பதில்

நீங்கள் அனுப்பிய ஆய்வுத் திட்டம் வந்து சேர்ந்தது. கருத்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். குறை கண்டுபிடித்தே தீருவது என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். எந்த வீடுகளுக்குப் போகப்போகிறீர்கள், ஏன் அந்த வீடுகள், கேள்விகளை முன்னால் யாரிடம் சோதித்துப் பார்த்தீர்கள் என்று எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் காலத்தில் இவ்வளவு ஒழுங்கு கிடையாது. கடைசிப் பக்கத்தில்தான் ஒன்று மாட்டியது. நெறிமுறைகள் என்ற தலைப்பின் கீழே ஒரு கட்டம். ‘பதில் அளிப்பவரின் பெயர் நீக்கப்படும்’ என்று இருந்தது. பக்கத்தில் ஒரு சரி போட்டிருந்தீர்கள்.

அந்தச் சரியை நானும் வேலை பார்த்த காலமெல்லாம் போட்டவள். ஒருமுறை அதையே நம்பி ஒரு பெண்ணைத் தெருவில் நிறுத்தப் பார்த்தேன். உங்கள் கணக்கெடுப்பு முறைகளைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. இந்த ஒரு கதையை மட்டும் சொல்கிறேன்.

மக்கள் எந்த வானொலியைக் கேட்கிறார்கள், எந்தத் தொலைக்காட்சியைப் பார்க்கிறார்கள், கைப்பேசியில் வருவதை எவ்வளவு தூரம் நம்புகிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. நான் மேற்பார்வைக்கு வந்த புதிதில் களப்பணியாளர் ஒருவர் ஒரு கட்டு படிவங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். முத்து முத்தான கையெழுத்து. எல்லா வீட்டிலும் காலையில் வானொலி பாடியது. ஒருவர்கூட நேரமில்லை என்று கதவைச் சாத்தவில்லை. எந்த வீட்டிலும் நாய் துரத்தவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்தது. விசாரித்தால், மனிதர் சுங்கை பெசாரில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து அத்தனை வீட்டுக்கும் தானே பதில் எழுதியிருக்கிறார்.

இனி எவரும் இப்படி ஏமாற்றக் கூடாது என்று நான் ஒரு குறியீட்டு முறையைக் கண்டுபிடித்தேன். முதல் எண் தோட்டம். இரண்டாவது எண் லயம், அதாவது தோட்டத்து வீடுகளின் வரிசை. மூன்றாவது எண் வீடு. படிவத்தில் பெயர் இருக்காது, இந்த மூன்று எண்கள் மட்டும் இருக்கும். சந்தேகம் வந்தால் மேற்பார்வையாளர் நேரே அந்த வீட்டுக்குப் போய், ‘உங்களிடம் யாராவது வந்து கேட்டார்களா’ என்று சரிபார்த்துவிடலாம். அலுவலகத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். நானும் என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். இத்தனைக்கும் நான் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவள்.

சில வருடங்கள் கழித்து ஒரு வானொலி நிலையத்துக்காகத் தோட்டங்களில் ஆய்வு நடத்தினோம். தோட்டத்துக் குடும்பங்களுக்குச் செய்தி எந்த வழியாக வருகிறது என்பது கேள்வி. கோல சிலாங்கூரிலிருந்து வடக்கே சுங்கை ஆயர் தாவார் வரை சில தோட்டங்களைத் தேர்ந்தெடுத்தோம். ஒவ்வொன்றிலும் பத்து வீடுகள். மேனேஜர் அனுமதி இல்லாமல் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாது. அனுமதி கொடுத்தவருக்கு நன்றியாக அறிக்கையில் ஒரு பிரதியை அனுப்பிவைப்பது எங்கள் வழக்கம். நல்ல வழக்கம் என்றுதான் நினைத்திருந்தோம்.

‘நீங்களாக எப்போதாவது வானொலிக்கோ பத்திரிகைக்கோ ஒரு செய்தியை அனுப்பியிருக்கிறீர்களா?’ என்பது கேள்விகளில் ஒன்று. பெரும்பாலோர் இல்லை என்றார்கள். 5-3-14 என்ற எண்ணுள்ள படிவத்தில் மட்டும் இப்படி ஒரு பதில் இருந்தது:

“குழாயில தண்ணி மஞ்சளா வந்துச்சு. ஆபீஸ்ல சொன்னோம், சொன்னோம், ஒன்னும் நடக்கல. நான்தான் வீடியோ எடுத்து ரேடியோவுக்கு அனுப்பினேன். அவங்க அதைப் பத்திப் பேசின மறுநாளே லோரியில தண்ணி வந்துச்சு. நான்தான் அனுப்பினேன்னு என் வீட்டுக்காரருக்கே தெரியாது.”

இதைப் படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். மொத்த ஆய்வும் இந்த நாலு வரியில் இருக்கிறது என்று தோன்றியது. அறிக்கையை மலாயில் எழுதினோம். அவர் சொன்னதை அப்படியே மலாயில் பெயர்த்து, அறுபத்தோராம் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டேன். கீழே வழக்கம்போல் 5-3-14. அச்சாகி வந்ததும் வியாழக்கிழமை கூரியரில் பிரதிகளை அனுப்பிவிட்டு, சனிக்கிழமை சுங்கை பெசாரில் இருக்கும் என் தம்பி சவரியின் வீட்டுக்கு ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு போனேன். அக்கா என்ன வேலை செய்கிறாள் என்று அவனுக்கு ஒருநாளும் புரிந்ததில்லை. இந்தத் தடவையாவது பார்க்கட்டும் என்று ஆசை.

சவரி செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். அந்தப் பக்கத்துத் தோட்டம் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவன் அறுபத்தொன்றில் நின்றான்.

“என்னக்கா இது, அஞ்சு, மூணு, பதினாலு?”

“குறியீடு. ஆளு யாருன்னு தெரியக் கூடாதுல்ல, அதுக்காக.”

“அஞ்சுன்னா என்ன?”

“தோட்டம். முன்பக்கத்துல பட்டியல் இருக்கு, பாரு.”

அவன் முன்பக்கத்தைப் பார்த்தான். மறுபடி அறுபத்தொன்றுக்கு வந்தான். “அந்தத் தோட்டத்துல மூணாம் லயம், பதினாலாம் வீடு” என்று சொல்லிவிட்டு அங்கே இருக்கும் பெண் யார் என்றும் சொன்னான். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. “அவங்களா வீடியோ எடுத்தாங்க? மேனேஜர் இன்னும் தேடிக்கிட்டு இருக்காரு லா. ஹெட் ஆபீஸ்ல அவருக்குச் செம டோஸ். யாருன்னு தெரிஞ்சா விட மாட்டேன்னு சொல்லிக்கிட்டுத் திரியறாரு.”

“அவங்க அங்க வேலை செய்யறாங்களா?”

“வீட்டுக்காரரு செஞ்சாரு. வேலை முடிஞ்சிருச்சு. சொந்த வீடு கட்டி முடியற வரைக்கும் இருந்துக்குங்கன்னு மேனேஜர்தான் விட்டு வச்சிருக்காரு. அவரு ஒரு கடுதாசி குடுத்தா மறுநாளே காலி பண்ணணும்.”

மூன்று எண்களைப் படித்து ஒரு லோரி ஓட்டுநர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்ததை, லயத்தில் பிறந்து படித்துப் பட்டம் வாங்கிய எனக்கு இத்தனை வருடமாகத் தெரியவில்லை. நான் பெயரை மறைத்துவிட்டு முகவரியை அச்சடித்துக் கொடுத்திருந்தேன். அதுவும் யாரிடம் மறைக்க வேண்டுமோ அவருக்கே ஒரு பிரதி அனுப்பியிருந்தேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சவரிக்கு என்ன செய்வதென்று தெரியாமல் மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தான்.

என் மேலதிகாரிக்குப் போன் செய்தேன். அதிகம் பேசாத மனிதர். எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுத் தந்தவர், ஆனால் கற்றுத் தருவதாக ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை. நானே ஒரு யோசனையும் சொன்னேன். திங்கட்கிழமை காலையில் தோட்டத்து ஆபீசுக்குப் போன் செய்து, அறுபத்தோராம் பக்கத்தில் அச்சுப்பிழை, திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று சொல்லட்டுமா?

“அறுபத்தோராம் பக்கத்துல பிழைன்னு சொன்னா, நீங்களா இருந்தா முதல்ல எந்தப் பக்கத்தைத் திறப்பீங்க?” என்று கேட்டார்.

அந்த யோசனையை அப்போதே விட்டேன்.

“சரி, அந்தம்மாவுக்கு இது தெரியுமா?”

“தெரியாது சார்.”

“அப்போ நாம ரெண்டு பேரும் இங்க உட்கார்ந்து முடிவெடுக்க என்ன இருக்கு?” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சவரி காரில் அழைத்துப் போனான். வழியெல்லாம் அவனோடு சண்டை. நேரே அந்த வீட்டுக்குப் போய் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடு என்றான் அவன். லயத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் எல்லோரும் வாசலில் இருப்பார்கள். வெளியாள் ஒருத்தி பதினாலாம் வீட்டுக்கு மட்டும் போனால், மாலைக்குள் தோட்டம் முழுவதும் காரணம் தேடும். அதுவும் தவிர, அந்தத் தோட்டத்தில் பத்து வீட்டு எண்களும் அந்தப் புத்தகத்தில் இருந்தன. தவறு பத்து வீட்டுக்கும் செய்த தவறு. ஆகவே பத்து வீட்டுக்கும் போவது என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே செய்தியைத்தான் சொன்னேன்: வீட்டு எண்ணை வைத்து உங்களைக் கண்டுபிடிக்கும்படி எழுதிவிட்டோம், தப்பு என்னுடையது, நீங்கள் சொன்னதில் எதையாவது எடுத்துவிட வேண்டுமா?

இரண்டாம் லயத்தில் ஒரு பெரியவர் ரொம்ப நேரம் யோசித்தார். “செய்தி கேக்கறேன்னு சொன்னேன்ல, அது பொய்ம்மா. பாட்டு மட்டும்தான் கேப்பேன். அதை மாத்திருங்க” என்றார். எனக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. எல்லா வீட்டிலும் டீ கொடுத்தார்கள். வேண்டாம் என்றாலும் விடவில்லை.

பதினாலாம் வீட்டில் டீ வரவில்லை. அந்த அம்மாள் ஐம்பதைத் தாண்டியவர். அடுப்படியில் நின்றபடியே நான் சொன்னதைக் கேட்டார். கணவர் கோயிலுக்குப் போயிருந்தார்.

“பேரு போட மாட்டோம்னு கேள்வி கேக்க வந்த பொண்ணு சொல்லுச்சே.”

“பேரு போடலக்கா. வீட்டு நம்பர் வந்துருச்சு.”

“இந்தத் தோட்டத்துல என்னை யாரு பேரு சொல்லிக் கூப்பிடறா? பதினாலாம் வீட்டக்கான்னுதான் எல்லாரும் கூப்பிடறாங்க. நீங்க என் பேரைப் போட்டிருந்தாக்கூட மேனேஜருக்கு யாருன்னு தெரிஞ்சிருக்காது.”

அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“இன்னும் நாலு மாசத்துல எங்க வீட்டுச் சாவி கிடைச்சிரும்” என்றார். “அது வரைக்கும் இங்க இருந்தாகணும். எங்க வீட்டுக்காரரு நெஞ்சு வலிக்காரரு, இந்த நேரத்துல எங்க போய் நிக்கிறது?”

“என்ன செய்யணும்னு நீங்க சொல்லுங்கக்கா. அதை மட்டும் செய்யறேன்.”

அடுப்பை அணைத்துவிட்டுச் சொன்னார். “நான் சொன்னது ஒரு வார்த்தைகூட இருக்கக் கூடாது. எடுத்துருங்க. அந்தப் புக்கையும் திருப்பி வாங்கிருங்க. அங்க என் பேச்சே வரக் கூடாது.”

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். பாக்கி இருந்தது முதல் லயத்தில் இரண்டாம் வீடு ஒன்றுதான். அது தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியின் வீடு. அவரும் எங்கள் ஆய்வில் பதில் சொன்னவர். ஆபீசுக்கு வரும் தபாலைப் பிரிப்பவரும் அவரேதான். வீடு பூட்டிக் கிடந்தது. உலு யாமில் மகள் வீட்டுக்கு நேற்றே போய்விட்டார் என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

திங்கட்கிழமையும் சவரிதான் அழைத்து வந்தான்; தோட்டத்து ஆபீஸ் திறக்கும்போதே போய் நின்றேன். மேனேஜரின் வண்டி வெளியே நின்றது. உள்ளே அவர் யாரிடமோ போனில் பேசும் சத்தம் கேட்டது. கிராணி தன் மேசையில் இருந்தார். அச்சுப்பிழை என்ற பொய் அப்போதும் என் வாயில் வந்து நின்றது. சொல்லியிருந்தால் சுலபமாக முடிந்திருக்கும் என்றுகூடத் தோன்றியது. ஆனால் பொய் சொன்னால் அதைக் காப்பாற்ற அவரும் பொய் சொல்ல வேண்டிவரும். உண்மையில் என் பங்கை மட்டும் சொல்வது, அந்த அம்மாளின் பங்கைத் தொடாமல் விடுவது என்று வழியிலேயே முடிவு செய்திருந்தேன்.

“ஐயா, நாங்க அனுப்பின அறிக்கையில ஒரு தப்பு பண்ணிட்டேன்” என்றேன். “உங்க தோட்டத்து ஆளுங்களை அடையாளம் தெரியற மாதிரி எழுதிட்டேன். யாரு, எந்தப் பக்கம்னு நான் சொல்ல மாட்டேன். அதை யாரும் படிக்கறதுக்கு முந்தி எனக்குத் திருப்பி வேணும்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மேனேஜர் அறைக் கதவைப் பார்த்தார். எழுந்து, “வெளிய வாங்க” என்றார். நான் பின்னால் போனேன். மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் கொட்டகைக்குப் போய், தன் வண்டியின் பின்பெட்டியைத் திறந்தார். மழைக்கோட்டுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் எங்கள் அறிக்கை.

“சனிக்கிழமை காலையில வந்துச்சு. நான்தான் பிரிச்சேன்” என்றார். “மேனேஜர் இன்னும் பார்க்கல. வந்ததே தெரியாது.”

“ஏங்கையா?”

“என் வீடு முதல் லயத்துல ரெண்டாம் நம்பரும்மா.”

எனக்கு அப்போதுதான் நாற்பதாம் பக்கம் நினைவுக்கு வந்தது. 5-1-2. ‘மேனேஜருக்குப் பிடிச்ச செய்தியை மட்டும்தான் நான் அவருக்குச் சொல்வேன். பிடிக்காததைச் சொன்னா நமக்குத்தான் கஷ்டம்’ என்று ஒருவர் சொன்னதை அந்தப் பக்கத்தில் மிகுந்த பெருமையோடு போட்டிருந்தேன்.

“ஆபீஸ்ல வைக்கப் பயம். வீட்டுல வைக்கப் பயம்” என்றார் அவர். “உலு யாம் வரைக்கும் தூக்கிக்கிட்டுப் போயிட்டேன். அங்க மருமகன் படிச்சவரு. அங்கயும் வைக்க முடியல. திருப்பி எடுத்துக்கிட்டு வந்துட்டேன். ரெண்டு நாளா சோறு இறங்கல லா.”

நான் சிரித்துவிட்டேன். அடக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. முதலில் முறைத்தவர், பிறகு அவரும் சிரித்தார். இரண்டு பேரும் அந்தக் கொட்டகையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

அறுபத்தோராம் பக்கத்தைப் படித்தாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பையை என் கையில் கொடுக்கும்போது மட்டும், “அந்தத் தண்ணி லோரி வந்துச்சே, முதல் வாளி புடிச்சது என் சம்சாரம்தான்” என்றார். பிறகு, “நான் பதினைஞ்சு வருஷமா இங்க கிராணி. என் வாயிலேருந்து ஒன்னும் வராது” என்றார்.

“நீங்க சொன்னதை எடுத்துறட்டுங்களா ஐயா?”

அவர் பின்பெட்டியை மூடினார். “வேணாம். நான் சொன்னது உண்மைதானே, அது இருக்கட்டும். ஆளு மட்டும் தெரியக் கூடாது. புதுசா ஒன்னு அடிச்சு அனுப்புங்க, மேனேஜர்கிட்ட நானே குடுக்கறேன்.”

திரும்பும்போது கார் மூன்றாம் லயத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆட்கள் எல்லாம் வேலைக்குப் போயிருந்தார்கள். அந்த அம்மாள் வெளிக்குழாயில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். சவரி வண்டியை மெதுவாக்கினான். நான் பிளாஸ்டிக் பையைக் கண்ணாடிக்கு மேலே தூக்கிக் காட்டினேன். அவர் பார்த்தார். குழாயை மூடினார். அப்படியே பாதையோரம் வந்து, “நில்லுங்க, டீ போடறேன். குடிச்சிட்டுத்தான் போகணும்” என்றார். அந்த டீயில் சீனி கூடுதலாக இருந்தது. கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

புது அறிக்கையில் எண்களைக் குலுக்கிப் போட்டோம். எந்த எண் எந்த வீடு என்ற பட்டியல் ஒரே ஒரு பிரதியாக என் பூட்டிய அலமாரியில் இருந்தது. சரிபார்ப்பு முடிந்ததும் அதைக் கிழித்து எரித்தேன். கிராணியின் வரிகள் இருந்தன, தோட்டத்தின் பெயர் இல்லாமல். அறுபத்தோராம் பக்கம் இல்லை. வானொலி நிலையத்துக்காரருக்கு வருத்தம். முதலில் கொடுத்த பிரதிகளை நாங்கள் திரும்பக் கேட்டு வாங்கியதே அவருக்குப் பிடிக்கவில்லை. “அந்தத் தண்ணீர்ப் பதில்தான் இருப்பதிலேயே நல்ல பதில், அதை ஏன் எடுத்தீர்கள்?” என்று கேட்டார். கொடுத்தவர் திரும்ப வாங்கிக்கொண்டார் என்றேன். அப்படியெல்லாம் வாங்கலாமா என்று என் மேலதிகாரியைப் பார்த்தார். வாங்கலாம் என்றார் அவர்.

நாலு மாதம் ஆறு மாதமாகி அந்த அம்மாளுக்குச் சாவி கிடைத்தது. வாட்ஸ்அப்பில் புதுவீட்டுக் குழாயின் படத்தை அனுப்பியிருந்தார். தண்ணீர் தெளிவாக வந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு ஒழுங்காகத் தூக்கம் வந்தது.

இப்போது உங்கள் கட்டத்துக்கு வருகிறேன். பெயரை நீக்குவது நம் கையில் இருக்கும் சுலபமான வேலை. மிச்சம் இருப்பதை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதை நம் அலுவலகத்தில் உட்கார்ந்து சொல்ல முடியாது. அந்த ஊரில் இருப்பவர்தான் சொல்ல முடியும். அதனால் அச்சுக்குப் போகும் முன் எழுதியதை அந்த ஊரை நன்றாக அறிந்த, ஆனால் ஒரு வீட்டுச் செய்தி தெரிந்துவிட்டால் வெளியே சொல்லாத ஒருவரிடம் காட்டுங்கள். எனக்கு அப்படி வாய்த்தது என் தம்பி. அது என் அதிர்ஷ்டம், திட்டமிட்டது ஒன்றும் இல்லை.

இதை உங்களுக்கு எழுதலாமா என்று இரண்டு பேரிடமும் கேட்டேன். கிராணி ஓய்வு பெற்றுவிட்டார், தாராளமாக எழுதுங்கள் என்றார். அந்த அம்மாள், “இப்ப என்ன பயம் லா? என் வீடு, என் குழா” என்றார். ஆனாலும் இதில் இருக்கும் தோட்டத்து எண், லயத்து எண், வீட்டு எண் எதுவும் உண்மையானது அல்ல. கிராணியின் மகள் இருந்த ஊரும் வேறு. எழுதி முடித்து அந்த அம்மாளுக்குப் போனில் முழுவதையும் படித்துக் காட்டினேன். டீயில் சீனி கூடிப்போனதைக் கேட்டுச் சிரித்தார்.

“எல்லாம் சரிதான்” என்றார். “ஆனா நம்பரை மாத்திட்டீங்களே, நெசமா அந்தப் பதினாலாம் வீட்டுல இருக்கறது யாருக்கா?”